ஆர்டிஎம்எஸ் என்பது ஷாக் வைப்பதுதானா?

தென்றல்77:
அக்காவுக்குப் பல வருடமாக டிப்ரெஷன். மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று, கொஞ்ச நாள் தெளிவாக இருப்பாள், அப்புறம் பழையபடி படுக்கைதான். இப்போது டாக்டர் ஆர்டிஎம்எஸ் பண்ணலாம் என்கிறார், தலையில் காந்தம் வைப்பார்களாம். "என் புள்ளைக்குக் கரண்ட் வைக்கப் போறாங்களா" என்று அம்மா ஒரே அழுகை. இரண்டும் ஒன்றா? வலிக்குமா?

குறிஞ்சி:
ஒன்றே இல்லை. ஷாக் என்று நாம் சொல்வது இசிடி, அதில் மயக்கம் கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள். இதில் மயக்க மருந்தே கிடையாது, சாய்ந்து உட்கார வேண்டியதுதான். தலையில் வைக்கும் காந்தச் சுருள் டக்டக்கென்று கத்தும், அதனால் காதுக்கு அடைப்பான் தருவார்கள். முதல் நாள் கட்டைவிரல் எவ்வளவு சக்தியில் துடிக்கிறது என்று பார்த்து, அதை வைத்து அளவைக் குறிப்பார்கள். நான் எடுத்துக்கொண்டபோது நெற்றிப் பக்கம் விரலால் சுண்டுகிற மாதிரி இருந்தது, ஆரம்பத்தில் தலைவலி, பிறகு பழகிவிட்டது. முடிந்ததும் நானே பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன்.

வெள்ளைக்கோட்டு:
மனநல மருத்துவம் படிக்கிறேன். 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு காந்தத்தால் மூளையைத் தூண்டுவதை முதலில் செய்துகாட்டியது, காந்தப்புலம் சட்டென்று மாறும்போது மூளையின் மேற்பரப்பில் சின்ன மின்னோட்டம் உண்டாகும், அவ்வளவுதான். டிப்ரெஷனுக்குப் பெரும்பாலும் இடது முன்மூளையில் கொடுப்பார்கள், வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம். அமெரிக்காவில் 2008ல் டிப்ரெஷனுக்கும் 2018ல் ஓசிடிக்கும் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்) அனுமதி கிடைத்தது. முன்பு ஒரு தடவைக்கு 37 நிமிடம் ஆகும், 3 நிமிட முறையும் அதற்குக் குறைந்ததில்லை என்று 2018ல் கனடா ஆய்வு ஒன்று காட்டியது, எந்த முறை என்று கேளுங்கள். ஆனால் அக்கா சாப்பிடாமலே கிடந்தாலோ, சாகிற எண்ணம் தீவிரமாக இருந்தாலோ இசிடிதான் வேகமாகக் கேட்கும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

ரவை_உப்புமா:
எனக்கு ஒன்றும் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் கேட்காது. நாங்கள் போன இடத்தில் பேக்கேஜ் என்று மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார்கள், பாதியில் நிறுத்தினால் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஞாபக மறதி, ஆட்டிசம் என்று எல்லாவற்றுக்கும் விளம்பரம் போடுகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். தினமும் கூட்டிப் போக ஆள் வேண்டும், அதுதான் பெரிய பாடு.

தென்றல்77:
நன்றி எல்லோருக்கும். அவளுக்குச் சின்ன வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்ததாக அம்மா இப்போதுதான் சொல்கிறார், பிரச்சினையா?

வெள்ளைக்கோட்டு:
தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அதனால் மட்டும் முடியாது என்று ஆகிவிடாது, ஆனால் இதில் அரிதாக வலிப்பு வருவதுண்டு. சாப்பிடும் எல்லா மாத்திரையின் சீட்டையும் கொண்டுபோங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தலைக்குள் ஆபரேஷனில் வைத்த உலோகக் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவி மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.