ஒரு முறை குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டுமா?

கேள்வி (வேளச்சேரி வாசகி):
எங்கள் வீட்டு நாட்டுப் பெண் நாய்க்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் பருவத்துக்கு வரவில்லை. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். ஆனால் ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் அதன் உடம்புக்கு நல்லது என்றும், தாய்மையைத் தடுப்பது பாவம் என்றும் மாமியார் வருந்துகிறார். அதற்கு நாள்தோறும் சோறு பிசைந்து வைப்பவர் அவர்தான் என்பதால், அவர் மனம் ஒப்பாமல் செய்ய எனக்கு விருப்பமில்லை. அவரிடம் என்ன காரணம் சொல்லலாம்?

மறுமொழி (கால்நடை மருத்துவர்):
குட்டி போடுவதால் நாயின் உடலுக்கு நன்மை உண்டு என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, காலம் தாழ்த்துவதில்தான் இழப்பு இருக்கிறது. மடியில் வரும் புற்றுக்கட்டிகள் சூலகச் சுரப்புகளின் தூண்டுதலோடு தொடர்புடையவை என்பதால், முதல் பருவத்துக்கு முன்பே அறுவை செய்தால் அவை வருவது மிக அரிதாகிவிடுகிறது. ஒவ்வொரு பருவம் கடக்கும்போதும் அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும்.

உங்கள் மாமியாரிடம் முதலில் சொல்ல வேண்டியது, கருத்தடையால் தடுக்கக்கூடிய, கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயைப் பற்றி. பருவம் முடிந்த சில வாரங்களில், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கு, இது வருகிறது. நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், உணவை ஒதுக்கும், வாந்தி எடுக்கும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே வராது. வீட்டார் சாதாரண அசதி என்று எண்ணியிருக்கும்போதே நஞ்சு இரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். அந்நிலையில் செய்யும் அவசர அறுவை, நலமான இளம் நாய்க்குச் செய்வதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

மறுமொழி (தெருநாய்களுக்கு உணவிடுபவர்):
சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். பிறக்கும் குட்டிகள் அனைத்துக்கும் நல்ல வீடு கிடைப்பது நம் ஊரில் எளிதன்று, அதிலும் பெண் குட்டியைக் கேட்டு வருபவர் மிகக் குறைவு. பாவம் என்று அம்மா வருந்துவது அன்பினால்தான். அந்த அன்பு தெருவில் அடிபடும் குட்டிகளையும் எண்ணிப் பார்க்கட்டும். நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்துச் சென்னையின் புளூ கிராஸ் விலங்குநல அமைப்பு 1964இலேயே பணியைத் தொடங்கியது. இணைசேர்வதால் பரவும் பிறப்புறுப்புக் கட்டியும் தெருநாய்களிடையே மிகுதி என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அறுவைக்குப் பின் உடல் பருத்துவிடும் என்கிறார்களே?

மறுமொழி (கால்நடை மருத்துவர்):
பருக்க வாய்ப்பு உண்டு. உணவுத் தேவை குறைவதால் சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, நடையைத் தவறாமல் தொடர்ந்தால் போதும். சில பெண் நாய்களுக்குப் பின்னாளில் சிறுநீர் கசியலாம். அதற்கு மருந்து இருக்கிறது. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய இனங்களுக்கு மூட்டு வளர்ச்சியைக் கருதிச் சிறிது காலம் பொறுப்பதுண்டு. உங்கள் நாட்டு நாய்க்கு இப்போதே ஏற்ற வயது. அறுவைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன்பின் பத்துப் பதினான்கு நாள் தையலை நக்கவிடாமல் கழுத்தில் கூம்பு மாட்டி வையுங்கள்.