38 வயதில் மினி ரேம்ப்: ட்ராப் இன் வரவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

பாதிப்பலகை:

எல்லோருக்கும் வணக்கம். வயது 38. ஸ்கேட்போர்டு வாங்கி நாலு மாதம் ஆகிறது. தரையில் தள்ளிப் போவேன், வளைந்து திரும்புவேன், கிக் டர்ன் (முன்சக்கரத்தைத் தூக்கித் திரும்புவது) ஒரு பக்கம் நன்றாகவே வரும், இன்னொரு பக்கம் எப்போதாவது வரும். ஆலி (போர்டோடு துள்ளிக் குதிப்பது) வராது. அதைப் பற்றிக் கவலையும் இல்லை, ஏனென்றால் நான் இதில் இறங்கியதே ரேம்ப் ஆசையில்தான். வளைவில் ஏறி, மேலே விளிம்பில் ஒரு நொடி நின்று, திரும்ப இறங்கி வருகிறார்களே, அது எனக்கு வேண்டும். காற்றில் பறக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை.

பிரச்சினை ட்ராப் இன்தான், அதாவது ரேம்பின் மேல் விளிம்பில் நின்று போர்டோடு வளைவில் இறங்குவது. மூன்றடி மினி ரேம்ப். டெயிலை (போர்டின் பின்முனை) கோப்பிங் (ரேம்பின் மேல்விளிம்பு) மேல் வைத்து, பின்காலால் அழுத்தி நிற்கிற வரைக்கும் சரி. முன்காலை வைத்துச் சாய வேண்டிய நொடியில் உடம்பு தானாகப் பின்னால் போய்விடுகிறது. போர்டு முன்னால் பாய்கிறது, நான் உட்கார்ந்த வாக்கில் விழுகிறேன். இதுவரை பதினோரு முறை (ஆமாம், எண்ணினேன்). கடைசி முறை வால் எலும்பில் நல்ல அடி, பத்து நாள் நாற்காலியில் ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. பக்கத்தில் எட்டு வயது இருக்கும் ஒரு பொண்ணு, "அங்கிள், பயப்படாம மிதிங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு இறங்கிப் போகிறாள். அந்த அங்கிள் என்ற சொல் வேறு வால் எலும்பை விட அதிகமாக வலித்தது.

ட்ராப் இன் வராமல் ரேம்பில் வேறு எதையும் கற்க முடியாதா, எந்த வரிசையில் போக வேண்டும்? என் போர்டில் இருப்பது பெரிய மென்மையான வீல், 78ஏ (வீலின் கெட்டித்தன்மை அளவு). அதுவும் காரணமாக இருக்குமா? கடைசியாக, ஒளிக்காமல் சொல்லுங்கள்: இந்த வயதில் இது சரிப்படுமா, வேண்டாத வேலையா?

துணிஞ்சாச்சு:

ப்ரோ, ரொம்ப யோசிக்கிறீங்க, அதுதான் நோய். ட்ராப் இன் என்பது ஒரே ஒரு மிதி. பாதி மனசோடு மிதித்தால்தான் விழுவீர்கள், முழுசாக மிதித்தால் விழ மாட்டீர்கள். நான் 26 வயதில் முதல் நாளே செய்தேன், நாலாவது முறை நின்றது. முன்காலை ஓங்கி மிதித்து நான்கு சக்கரமும் சரிவில் படவிடுங்கள், மற்றது தானாக நடக்கும். முதலில் இதை முடித்துவிடுங்கள், அப்புறம் மற்றதெல்லாம் சுலபம்.

கோப்பிங் கிழவர்:

மேலே தம்பி சொன்னது தப்பில்லை, ஆனால் 26-க்கும் 38-க்கும் நடுவில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது, அது விழுந்த மறுநாள் காலையில் தெரியும். நான் ஆரம்பித்தது 41-இல். இப்போது 47. எனக்கும் எல்லோரும் "மிதி, மிதி" என்றுதான் சொன்னார்கள், மிதித்துத் தோளைப் பெயர்த்துக்கொண்டதுதான் மிச்சம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்களே, ரேம்புக்கு அது அப்படியே பொருந்தும்.

உங்களுக்கு ஏன் பின்னால் சாய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். உடம்புக்கு "நேராக நில்" என்றால் தரைக்கு நேராக நிற்கத்தான் தெரியும். ஆனால் போர்டுக்கு நீங்கள் போர்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். வளைவின் ஆரம் ஆறடி, உயரம் மூன்றடி என்றால் உச்சியில் சரிவு 60 பாகை. அதில் போர்டு படியும்போது நீங்கள் தரைக்கு நேராக நின்றால், போர்டைப் பொறுத்தவரை 60 பாகை பின்னால் சாய்ந்து நிற்கிறீர்கள் என்று அர்த்தம். எடை முழுக்க டெயிலில், போர்டு வழுக்கிக்கொண்டு ஓடாமல் என்ன செய்யும்? இதைத் தைரியத்தால் மட்டும் திருத்த முடியாது, சரிவில் நிற்பது எப்படி என்று உடம்பு பழக வேண்டும். இன்னொன்று, மூன்றடி என்றதும் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். அதே மூன்றடியை நாலரை அடி ஆரத்தில் வளைத்திருந்தால் உச்சியில் சரிவு 70 பாகையைத் தொடும். சில குட்டி ரேம்ப்கள் நாலடி ரேம்பை விட முரட்டுத்தனமாக இருப்பது இதனால்தான். பக்கத்தில் வளைவே இல்லாத சாதாரணச் சரிவு இருந்தால் முதலில் அதில் ஏறி இறங்குங்கள்.

சரி, வரிசை. நான் சொல்வது கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே அல்ல.

ரேம்பின் நடுத் தளத்தில் நின்று, லேசாகத் தள்ளி, வளைவில் ஓரடி உயரம் ஏறி, திரும்பாமல் அப்படியே பின்னோக்கி இறங்குங்கள். இதுதான் ஃபேக்கி. பின்னோக்கி வரும்போது எடை இரண்டு காலிலும் சமமாக, முட்டி மடங்கி, பார்வை போகிற பக்கம். போரடிக்கிற அளவுக்கு இதைச் செய்யுங்கள், நான் ஒரு மாதம் செய்தேன். அடுத்து பம்ப். ஊஞ்சலில் நின்றுகொண்டு உந்தத் தெரியுமா? அதே சங்கதிதான். தட்டையான இடத்தில் முட்டியை மடக்கி வருகிறீர்கள், வளைவு தொடங்கும் இடத்தில் காலை நீட்டி அழுத்துகிறீர்கள், உச்சிக்குப் போகும்போது மறுபடி மடங்குகிறீர்கள், இறங்கி வளைவுக்குள் வரும்போது மறுபடி அழுத்துகிறீர்கள். வளைவு உங்களைத் தரையோடு அழுத்துகிற நேரத்தில் அதை எதிர்த்து எழுந்தால் அந்த உழைப்பு வேகமாக மாறுகிறது. முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு நாள் திடீரென்று தள்ளாமலேயே கோப்பிங் உயரம் வரை வந்து நிற்பீர்கள். ரேம்பில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான், எந்த ட்ரிக்கும் அந்த அளவுக்கு இனிக்கவில்லை.

இதற்கு நடுவிலேயே விழக் கற்றுக்கொள்ள வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் மூடி வைத்த முட்டிக்காப்பு போட்டுக்கொண்டு, போர்டு இல்லாமல் ரேம்பில் ஓடி ஏறி, திரும்பி, இரண்டு முட்டியையும் ஒரே சமயத்தில் வைத்து, குதிகால் மேல் உட்காருவது போல் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வழுக்கி இறங்குங்கள். ஒரு முட்டி முன்னால் பட்டால் உடம்பு திருகிக்கொள்ளும். துணியாலான மெல்லிய காப்பு வழுக்காது, தரையில் பிடித்துக்கொண்டு உங்களை முகம் குப்புறத் தள்ளிவிடும். கையை ஊன்றாமல் முட்டியில் விழ உடம்பு பழகிவிட்டால் பயம் பாதி போய்விடும். ஒன்று கவனம், இது ஏறும்போதும் முன்பக்கமாகத் தடுக்கும்போதும்தான் உதவும். உங்களைப் போல் பின்னால் விழுகிறவருக்கு உதவாது. ட்ராப் இன்னைத் தள்ளிப் போடச் சொல்வது அதனால்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபேக்கியாக மேலே போகும்போது டெயில்தான் முதலில் கோப்பிங்குக்கு வருகிறது. போதிய வேகத்தில் பின் சக்கரம் கோப்பிங்கைத் தாண்டியதும் டெயிலை அழுத்தி நின்றால் அது டெயில் ஸ்டால். அதிலிருந்து எப்படி இறங்குவீர்கள்? ட்ராப் இன் செய்துதான்! முதலில் கோப்பிங்குக்குக் கொஞ்சம் கீழேயே, வளைவில் டெயிலைத் தட்டிவிட்டு உடனே முன்சக்கரத்தை இறக்குங்கள். வாரத்துக்கு வாரம் இரண்டு விரற்கடை மேலே போங்கள். ஒரு நாள் விளிம்பிலேயே செய்துகொண்டிருப்பீர்கள். மேலே நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு சாமி கும்பிடும் கட்டமே இதில் இல்லை.

எக்ஸ்ரே அறை:

நான் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன், ஸ்கேட்டிங்கும் கொஞ்சம் உண்டு. ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன்: மணிக்கட்டு. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது இயல்பு, அப்படி ஊன்றினால் முன்கை எலும்பின் நுனி உடையலாம், இல்லாவிட்டால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு உடையலாம். இந்த இரண்டாவதுதான் விஷமம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும் பாருங்கள், அங்கே அழுத்தினால் வலிக்கும். முதல் எக்ஸ்ரேயில் சில நேரம் விரிசல் தெரியாது. "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டால், அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் சேராமலே போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் அந்தக் குழியில் வலி போகவில்லை என்றால் மறுபடி போய்க் காட்டுங்கள்.

மணிக்கட்டுக் காப்பு போட்டால் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

ஹெல்மெட் விஷயத்தில் ஒன்று. பல சைக்கிள் ஹெல்மெட்கள் ஒரு பெரிய அடிக்குத்தான், அப்புறம் தூக்கிப் போட வேண்டும். ஸ்கேட்டிங்குக்கென்று தனித் தரம் உண்டு, ஏஎஸ்டிஎம் எஃப்1492 என்று உள்ளே ஒட்டியிருக்கும், பின்மண்டையும் மூடியிருக்கும். பின்னால் விழுகிறவருக்கு அதுதானே வேண்டும். பார்க்க ஹெல்மெட் போல இருந்து, உள்ளே வெறும் மெத்தை வைத்து, எந்தத் தர முத்திரையும் இல்லாமல் வருகிறவற்றை நம்ப வேண்டாம்.

வால் எலும்புக்கு: பத்து நாளில் குறைந்துவிட்டது என்றால் சரி, காலில் மரத்துப் போவதோ சிறுநீர் போவதில் மாற்றமோ இருந்தால் காத்திருக்காதீர்கள்.

நாலு சக்கரம்:

வீல் கேள்வியை யாரும் தொடவில்லை. 78ஏ சாலைக்கு நல்லது, சின்னக் கல் தடுக்காது, சத்தம் இல்லை. ரேம்பில் அது சவசவ என்று இருக்கும், பிடிப்பு அதிகம், பம்ப் செய்து சேர்த்த வேகத்தைத் தின்றுவிடும். ரேம்புக்கு 54 முதல் 58 மி.மீ. வரை, 97ஏ-இலிருந்து 101ஏ வரை கெட்டி. டெக் (நிற்கும் பலகை) 8.25 அல்லது 8.5 அங்குல அகலம் இருந்தால் காலுக்கு இடம் தாராளமாக இருக்கும். உங்கள் பெரிய வீல் திரும்பும்போது டெக்கில் உரசுகிறதா என்றும் பாருங்கள், உரசினால் போர்டு சடன் பிரேக் போட்டது போல் நிற்கும், நீங்கள் மட்டும் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆனால் உங்கள் ட்ராப் இன் வராததற்கு வீல் காரணம் இல்லை, அந்தச் சாக்கை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறேன், மன்னிக்கவும்.

வயசைப் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டி மெக்டொனால்ட் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஸ்கேட்போர்டிங்கின் பார்க் பிரிவில் இறங்கியபோது அவருக்கு 51. அதே ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் சீனாவின் ஜெங் ஹாவ்ஹாவ், 11 வயது. ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக் 1999-இல் 900-ஐ (காற்றில் இரண்டரைச் சுற்று) முதன்முதலாகச் செய்தபோது அவருக்கு 31, அப்புறம் 48 வயதிலும் ஒரு தரம் செய்தார். இவர்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்தே சறுக்குகிறவர்கள், நாம் அவர்கள் இல்லை, அது வேறு. அந்த ஹாக்குக்கே 2022-இல் தொடை எலும்பு உடைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தமில்லாத ஒன்று: கோப்பிங் என்ற பெயர் நீச்சல் குளத்து விளிம்புக் கல்லிலிருந்து வந்தது. 1970-களில் கலிஃபோர்னியாவில் வறட்சி வந்து வீட்டுக் குளங்கள் வற்றிக் கிடந்தபோது பையன்கள் சுவர் ஏறிக் குதித்து அவற்றுக்குள் சறுக்கினார்கள். நாம் இப்போது விழுந்து எழுவது அந்தக் குளத்தின் நகலில்தான்.

துணிஞ்சாச்சு:

கிழவர் அண்ணா சொல்கிற டெயில் ஸ்டால் வழி நான் யோசித்ததே இல்லை, நல்லா இருக்கு. ஆனாலும் ஒன்று சொல்வேன்: எந்த வழியில் வந்தாலும் கடைசியில் ஒரு முறை மேலே நின்று மிதிக்கத்தான் வேண்டும். அப்போது ஒருவரைக் கீழே நிற்க வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பக்கக் கையை முன்முட்டிக்குக் கீழே கொண்டுபோனால் தோளும் கூடவே இறங்கும். பின்னால் போக வழியே இருக்காது.

பாதிப்பலகை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வீல் மாற்றியாயிற்று (99ஏ, 56 மி.மீ.). சத்தம்தான் அதிகம், மற்றபடி வேறு போர்டு மாதிரி இருக்கிறது. முட்டியில் வழுக்குவதை ஐம்பது அறுபது தரம் செய்திருப்பேன், அதைப் பார்த்து அந்தப் பொண்ணும் என்னோடு சேர்ந்து வழுக்க ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கு அது விளையாட்டு. ஃபேக்கி நன்றாக வருகிறது. பம்ப் மூன்றாவது வாரம் பிடிபட்டது. கிழவர் சொன்ன அந்த நாள் வந்தது, ஆனால் மேலே வந்து நின்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் கத்திவிட்டேன்.

டெயில் ஸ்டால் விளிம்புக்கு அரையடி கீழே வரை வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேராசைப்பட்டு நண்பர் கையைப் பிடித்துக்கொள்ள மேலிருந்து ட்ராப் இன் செய்தேன், நின்றது. கையை விட்டுவிட்டு ஒரு முறை, அதுவும் நின்றது. மூன்றாவது முறை பின்னால் சாய்ந்தேன், விழுந்தேன், கை ஊன்றினேன், மணிக்கட்டுக் காப்பின் தகடு கீறிப் போனது, கை கீறவில்லை. எக்ஸ்ரே அறைக்கு நன்றி.

இப்போது ராக் டு ஃபேக்கி ஆசை வந்துவிட்டது. முன் ட்ரக்கை (முன்சக்கர அச்சு) கோப்பிங்குக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, திரும்ப வரும்போது முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் பின்மண்டையில் விழுவோமே என்று கை நடுங்குகிறது. இது எப்போது?

கோப்பிங் கிழவர்:

இன்னும் இல்லை. ட்ராப் இன் பத்துக்கு எட்டு நிற்கட்டும். மாட்டிக்கொள்வது எடை முன்காலில் தங்கிவிடுவதால்தான், டெக்கின் நடு வயிறு கோப்பிங்கில் பட்டவுடனே எடையைப் பின்காலுக்குக் கொண்டுவந்து நோஸை (போர்டின் முன்முனை) ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டே இறங்க வேண்டும், மேலே நின்று ரசிக்கக் கூடாது. அதுவரை ஒரு பழக்கம்: ஃபேக்கியாக இறங்கும்போது, வளைவின் அடிப்பாதியில், ஒவ்வொரு முறையும் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். நூறு முறை. அந்தப் பொண்ணையும் எண்ணச் சொல்லுங்கள்.