மகனின் ரிஸ்ட் ஷாட் மேலே எழவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். டொராண்டோ பக்கம் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்கு அழைத்துப் போகிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மகனுக்குப் பதினொரு வயது. ஸ்கேட்டிங் நன்றாக வருகிறது. ஆனால் மணிக்கட்டைச் சுழற்றிக் கோலை நோக்கி ரிஸ்ட் ஷாட் அடித்தால் பக் (ரப்பர் வட்டு) பனியை உரசிக்கொண்டேதான் போகிறது. கோலி காலை நீட்டினால் போதும், தடுத்துவிடுகிறார்.

அவனிடம் இருப்பது 65 ஃப்ளெக்ஸ் ஸ்டிக் (ஃப்ளெக்ஸ் எண் கூடினால் தண்டு விறைப்பு). உயரத்துக்காக மேல்பக்கம் வெட்டியும் இருக்கிறோம், வெட்டினால் தண்டு இன்னும் விறைப்பாகிவிடும். உடல் எடையில் பாதி ஃப்ளெக்ஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவன் எடை 90 பவுண்டு, அப்படியென்றால் 45 தானே வர வேண்டும்? தண்டு வளைந்து நிமிரும்போதுதான் பக்குக்கு வேகம் கிடைக்கிறது. வளையாத கட்டையை வைத்துக்கொண்டு பையன் என்ன செய்வான்!

பயிற்சியாளரோ ஸ்டிக்கை விடுங்கள், கையைப் பாருங்கள் என்கிறார். மேல் கையை உடம்போடு ஒட்டி வைக்கிறானாம். அந்தக் கை விலகி நின்று பின்னால் இழுக்க வேண்டும், கீழ் கை தள்ள வேண்டும், பக் பிளேடில் தண்டை ஒட்டிய பக்கத்திலிருந்து நுனிக்கு உருண்டு வர வேண்டும். சரி, அதுவும் நியாயம்தான். இவனுக்கோ NHL வீரர் ஆஸ்டன் மேத்யூஸ் மாதிரி பக்கை உள்ளே இழுத்துக் கோணம் மாற்றி அடிக்கத்தான் ஆசை. 2023-24 சீசனில் 69 கோல் போட்டவர்! அதெல்லாம் அப்புறம்.

முதலில் ஸ்டிக்கை மாற்றவா, கையைத் திருத்தவா? கராஜில் ஷூட்டிங் பேட் (பனி மாதிரி வழுக்கும் பலகை) போட்டுப் பழகுவது பனியில் கைகொடுக்கிறதா? யாரிடமாவது பழைய 40 அல்லது 45 ஃப்ளெக்ஸ் ஸ்டிக், இடது கைப்பக்கம், இருந்தால் ஒரு வாரம் இரவல் தர முடியுமா?