யுஏ 13+ பேய்ப் படம்: 9 வயதையும் 5 வயதையும் கூட்டிப்போகலாமா?

மதுரைக்காரி:

வணக்கம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பேய்க் காமெடிப் படத்துக்கு இரவுக் காட்சி டிக்கெட் போடப்போகிறார்கள். போஸ்டரில் யுஏ 13+ என்று இருக்கிறது. சின்னவனை உள்ளே விடுவார்களா? முன்பெல்லாம் வெறும் யுஏ என்றுதானே இருக்கும், இந்த எண் எப்போது வந்தது? "காமெடிதானே, ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். அது சரியா? இல்லை, ஓடிடிக்கு வரும்வரை பொறுத்திருப்பது தேவலையா?

சான்றிதழ்பார்ப்பவன்:

உள்ளே விடுவார்கள். யுஏவோடு வரும் வயது எண் பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான், தியேட்டர்காரருக்கு இடும் கட்டளை இல்லை. நீங்களே கூட்டிக்கொண்டு போனால் 5 வயதுப் பிள்ளையை வாசலில் நிறுத்த மாட்டார்கள். சட்டப்படி வயதுத் தடை இருப்பது 'ஏ' படத்துக்கு மட்டும். அதற்கு 18 நிரம்பாதவரை விட்டால் குற்றம் தியேட்டர் மேல் விழும். வயதுச் சான்று கேட்பது அதனால்தான்.

1952 சட்டம் வந்தபோது யு, ஏ என்ற இரண்டே பிரிவுகள். 1983இல் யுஏவும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு மட்டுமான எஸ்ஸும் சேர்ந்தன. அந்த யுஏவுக்கு அர்த்தம், 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது. 2023 திருத்தச் சட்டம் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. பழைய படத்தில் வெறும் யுஏ என்று இருந்தால் அது இன்றைய 7+ அளவா 16+ அளவா என்று சான்றிதழைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெற்றோர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய 'யு'வையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. 2011இல் அதற்கு 'யு' சான்றிதழும் நிபந்தனையானது. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை 'யு' என்பது தயாரிப்பாளருக்குப் பணம். வெட்டியாவது அதை வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் இருந்த காலம் அது. கெட்ட வார்த்தையை வெட்டிவிடலாம், காட்சியின் மிரட்டலை அப்படி வெட்டியெடுக்க முடியாது.

இன்னொன்று: 'ஏ' படம் அப்படியே டிவிக்கு வராது, வெட்டி மறுசான்றிதழ் வாங்கித்தான் வரும். ஓடிடிக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளமே வயதுப் பிரிவு போட்டுக்கொள்கிறது. "டிவியில் பார்த்த படம்தானே" என்று ஓடிடியில் போட்டால் வேறு நீளத்தில் வேறு படம் ஓடலாம்.

பிஞ்சுமனம்:

சட்டத்தை அவர் சொல்லிவிட்டார். பிள்ளையின் பக்கம் வருகிறேன். உங்கள் பிள்ளைகள் இருவரும் பயப்படுவது ஒரே விஷயத்துக்கு அல்ல.

ஏழு வயது வரைக்கும் பயம் உருவத்தில் இருக்கிறது. முகம் கோரமாக இருந்தால் அது நல்ல பேய் என்றாலும் சின்னவன் பயப்படுவான். நல்லவர் ஒருவர் திடீரென்று முகம் மாறுவது இந்த வயதுக்கு மிகவும் மோசம். பேய்க் காமெடியில் அடிக்கடி நடப்பது அதுதான்: சிரித்துக்கொண்டிருக்கும் ஆள் உடம்பில் ஆவி புகுந்து கண் வெளுத்து, குரல் மாறும். பெரியவர்கள் சிரிப்பார்கள், அவனுக்கோ "அம்மாவும் இப்படி மாறுவாளோ" என்று தோன்றும். "காமெடிதானே" என்பது பெரியவர்களின் கணக்கு.

எட்டு, ஒன்பதில் பயம் இடம் மாறுகிறது. பெரியவள் கோர முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடலாம். ஆனால் குழந்தையைக் கடத்துவது, வீட்டுக்குள் அந்நியன் நுழைவது, அப்பா அம்மா சாவது என்று நிஜத்தில் நடக்கக்கூடியது எதுவும் அவள் மனதில் தங்கும். பேய்க்கு முன்கதை என்று ஒரு கொலைக் காட்சி வருமே, அவளுக்கு ஆபத்து அங்கே இருக்கிறது.

சமாதானமும் அதற்கேற்ப மாற வேண்டும். 5 வயதிடம் "அது நிஜமில்லை" என்றால் வேலை செய்யாது. கட்டிக்கொள்வது, மடியில் உட்காரவைப்பது, கையில் ஒரு பொம்மையோ குடிக்க ஏதாவதோ கொடுப்பது, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது, இவை வேலை செய்யும். 9 வயதுக்குக் கண்ணை மூடுவது அவ்வளவு உதவாது, காது கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கு விளக்கம்தான் மருந்து: அந்த முகத்துக்கு ரப்பர் ஒட்டி, சாயம் பூசி எப்படி ஒப்பனை செய்கிறார்கள் என்ற வீடியோவை முதல்நாள் பகலில் காட்டுங்கள்.

முன்கூட்டி எவ்வளவு சொல்லலாம் என்று கேட்பார்கள். "கடைசியில் எல்லாரும் நன்றாக இருப்பார்கள்" என்று முடிவைச் சொல்லுங்கள். இடையில் என்ன பயங்கரம் வருகிறது என்று வர்ணிக்காதீர்கள், அது காத்திருந்து பயப்பட வைக்கும்.

நடுவரிசை:

அக்கா, முதல்ல அந்த இரவுக் காட்சிய மாத்துங்க. 10 மணிக்கு ஆரம்பிச்சா வீட்டுக்கு வர ஒண்ணரை ஆயிடும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு ராத்திரி அலறல் வர வாய்ப்பு ஜாஸ்தி. காலைக் காட்சியோ மேட்னியோ போனா, படம் முடிஞ்சு வெளிய வரும்போது வெளிச்சம் இருக்கும். படுக்கப் போறதுக்குள்ள நடுவுல அஞ்சாறு மணி நேரம் விளையாட்டு, சாப்பாடுன்னு ஓடிடும்.

பேய்ப் படத்துல பாதி வேலை சத்தம்தான். இசை நின்னு, ரெண்டு மூணு செகண்ட் அமைதி, அப்புறம் ஒரே அடி. அந்த அமைதி வந்ததும் கேமரா யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னால காலி இடம் விட்டுக் காட்டினா, அடுத்தது அங்கிருந்துதான் வரும். நீங்க கவனிச்சுட்டு அந்த நேரம் சின்னவன் காதைப் பொத்தலாம். வெறும் கை போதாதுன்னா குழந்தைங்களுக்கான இயர்மஃப் விக்குது, 20 டெசிபல் அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கும். பாட்டு கேக்குற ஹெட்போன் அதுக்கு ஆகாது.

சீட்டு விஷயத்துல எல்லாரும் கடைசி வரிசைதான் பாதுகாப்புன்னு நினைப்பாங்க. தப்பு. சரவுண்ட் ஸ்பீக்கர் பக்கச் சுவர்லயும் பின்சுவர்லயும் இருக்கு. கடைசி வரிசைல உக்காந்தா காலடிச் சத்தம் காதுக்குப் பின்னாலயே கேக்கும். முன்வரிசைல திரை கண்ணை முழுசா அடைச்சுடும். நடுவுலேருந்து ரெண்டு மூணு வரிசை பின்னால, நடைபாதை ஓரச் சீட்டு எடுங்க. ஓரச் சீட்டுல பெரியவர் ஒருத்தர், அடுத்ததுல பிள்ளை. போகணும்னு சொன்னா உடனே கிளம்பலாம். நடுவுல மாட்டிக்கிட்டா பதினஞ்சு பேர் காலைத் தாண்டுறதுக்குள்ள அந்தக் காட்சியே முடிஞ்சுடும்.

தேம்ஸ்கரை:

இங்கே லண்டனில் நிலைமை வேறு, ஆனால் உங்களுக்கும் ஒரு வழி இதில் இருக்கிறது. பிரிட்டனில் தியேட்டருக்கு வரும் தமிழ்ப் படங்களுக்கும் இங்குள்ள தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சி தனியாக வயது போடுகிறது. 12ஏ என்றால் 12க்குக் கீழே உள்ளவர்கள் பெரியவரோடு வரலாம். 15 என்றால் அம்மா அப்பா கூட வந்தாலும் 14 வயதை விடமாட்டார்கள். சென்னையில் யுஏ வாங்கியது இங்கே 15 ஆவது சாதாரணம்.

அவர்கள் இணையதளத்தில் படத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், வன்முறை, ரத்தம், மிரட்டல் என்று எதனால் அந்த வயது கொடுத்தார்கள் என்பது சுருக்கமாக இருக்கும். பார்ப்பதற்கு இலவசம். ஒரே எச்சரிக்கை: குறைந்த வயது வாங்க வேண்டும் என்று விநியோகஸ்தர் இங்கே சில இடங்களை வெட்டியிருக்கலாம். ஊரில் ஓடும் பிரதி அதைவிடக் காரமாக இருக்கக்கூடும். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் பெற்றோர் வழிகாட்டிப் பகுதியில் பயமுறுத்தும் காட்சிகள் என்று தனித் தலைப்பு உண்டு, ஆனால் புதுப் படத்துக்கு யாராவது பார்த்து எழுதும்வரை காலியாகத்தான் இருக்கும்.

மதுரைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. மேட்னிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், சின்னவனைப் பாட்டியிடம் விடுவதாக இருக்கிறோம். பெரியவள் பார்த்துவிட்டு ராத்திரி எழுந்து அழுதால் என்ன செய்வது? பாதியில் எழுந்து வந்துவிட்டால்?

பிஞ்சுமனம்:

சின்னவனை விட்டுப்போவது நல்ல முடிவு. ஆனால் அக்கா வந்து அவனுக்குக் கதை சொல்லுவாள், நடித்தும் காட்டுவாள். அவளிடம் முன்பே பேசிவையுங்கள்.

பாதியில் வந்துவிட்டால் அந்தப் பேய் அவள் மனதில் தோற்காமலே நிற்கும். வீட்டுக்கு வந்து மீதிக் கதையை, முடிவு வரைக்கும் சொல்லிவிடுங்கள். "இதுக்குப் போய் பயந்தியா" என்று யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேலிக்குப் பயந்த பிள்ளை அடுத்த தடவை பயத்தை மறைக்கும்.

ராத்திரி இரண்டு வகை வரலாம். விடியற்காலையை ஒட்டி முழுதாக விழித்து, கண்ட கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. பக்கத்தில் இருங்கள், கேளுங்கள், சின்ன விளக்கு போடுங்கள். தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கண் திறந்தபடி அலறினால், உங்களை அடையாளம் தெரியாமல் தள்ளினால், அவள் இன்னும் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறாள். உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். விழாமல் பார்த்துக்கொண்டால் சில நிமிடங்களில் தானே அடங்கும், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

நடுவரிசை:

ஓடிடில வீட்டுல எப்படிப் பாத்துக்கிறதுன்னு யாரும் சொல்லல. நெட்ஃபிளிக்ஸ்ல பிள்ளை ப்ரொஃபைல்ல வயது வரம்பு வெச்சுட்டு நிம்மதியா இருப்பாங்க. ஆனா பெரியவங்க ப்ரொஃபைல் பூட்டாம இருக்கும், பிள்ளை அதைத் தொட்டு உள்ள போயிடும். அதனால பெரியவங்க ஒவ்வொருத்தர் ப்ரொஃபைலுக்கும் 4 இலக்க பின் போடுங்க. பிரவுசர்ல கணக்குக்குள்ள போனா இது இருக்கு. அங்கயே முன்னோட்டம் தானா ஓடுறதையும் நிறுத்திடுங்க. படமே போடாம, மெனுவ நகர்த்தும்போது ஓடுற துணுக்குலேயே பேய் முகம் வந்துடும்.

டிவி ஒலி அமைப்புல இரவு முறைன்னு ஒண்ணு இருந்தா ஆன் பண்ணுங்க, பேச்சுக்கும் அந்தத் திடீர் அடிக்கும் உள்ள சத்த வித்தியாசத்தைக் குறைச்சுடும். ஹால் லைட்ட அணைக்காதீங்க. பின் நம்பரா பெரியவ பொறந்த வருஷத்தப் போடாதீங்க, முதல் தடவையிலேயே கண்டுபிடிச்சுடுவா.