ரோஷியா மொந்தானா: தங்கத்தை மலையிலேயே விட்டது சரியா?

கதிரவன்:
ருமேனியாவின் அப்புசேனி மலைகளில் உள்ள ரோஷியா மொந்தானாவில் ஏறத்தாழ 300 டன் தங்கம் புதைந்து கிடக்கிறது. எடுக்க வந்த கனடாவின் கேப்ரியல் ரிசோர்சஸ் நிறுவனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் வாங்கிக்கொண்டார்கள். அரசுச் சுரங்கமோ 2006இலேயே மூடப்பட்டுவிட்டது; ஊரில் வேலை இல்லை. பட்டியல் சோறு போடுமா?

மருதாணி:
திட்டம் என்னவென்பதையும் சொல்லுங்கள் கதிரவன். மலைகளை நான்கு பெரும் குழிகளாக வெட்டி, தங்கத்தைப் பிரித்தெடுக்கும் சயனைடு நஞ்சு கலந்த கழிவைக் கோர்னா பள்ளத்தாக்கில் தேக்குவது! 2000 ஜனவரியில் அதே நாட்டின் பாயா மாரேயில் இப்படியொரு கழிவுக் குளம் கரை உடைத்தது. சுமார் 1,00,000 கன மீட்டர் நச்சு நீர் திசா ஆற்றில் இறங்கி, டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. இத்தனைக்கும் இங்கே சுரங்கத்தின் ஆயுள் சுமார் 16 ஆண்டுகள்தான்.

கதிரவன்:
அது வேறு நிறுவனம், வேறு அணை. ரோமானியர் குடைந்தால் பாரம்பரியம், கனடாக்காரர் குடைந்தால் நாசமா?

ஏட்டுச்சுவடி:
ரோமானியர் உளியாலும் நெருப்பாலும் குடைந்த சுரங்கப் பாதைகள் இன்றும் கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. அவர்கள் காலத்து மெழுகு பூசிய எழுத்துப் பலகைகள் அங்கே கிடைத்தன; சுரங்கக் கூலி ஒப்பந்தங்கள்கூட அவற்றில் உண்டு. ஆல்புர்னுஸ் மாயோர் என்ற பழைய ஊர்ப்பெயர் கி.பி. 131ஆம் ஆண்டுப் பலகையில் இருக்கிறது. குழி வெட்டினால் அந்தப் பாதைகளில் பெரும்பகுதி போய்விடும்.

மருதாணி:
வேலை இல்லை என்கிறீர்களே, அது தானாக வந்த நிலை அல்ல. ஊரையே சுரங்கத் தொழிலுக்கென ஒதுக்கினார்கள். வேறு தொழில் தொடங்க வழியில்லை. பிறகு நிறுவனம் வீடு வீடாக விலைக்கு வாங்கியது. பல குடும்பங்கள் ஆல்பா யூலியா நகருக்குப் போய்விட்டன. ஊரைக் காலியாக்கிவிட்டு, ‘காலியான ஊருக்கு நாங்கள்தான் கதி’ என்பது என்ன நியாயம்?

கதிரவன்:
விற்றவர்கள் விரும்பித்தானே விற்றார்கள்? 2013 செப்டம்பரில் புக்கரெஸ்ட் தெருக்களில் திட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் முழங்கினார்கள். அதே மாதம் ரோஷியா மொந்தானாவின் சுரங்கத் தொழிலாளர்கள் சிலர், திட்டம் வேண்டுமென்று சுரங்கத்துக்குள்ளேயே அடைந்துகொண்டு போராடினார்கள். தலைநகரக் கூட்டத்தை மட்டும் ‘மக்கள்’ என்கிறீர்கள்.

ஏட்டுச்சுவடி:
அந்தத் தொழிலாளர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த நிறுவனம் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கேட்டு ருமேனியா மீது தொடுத்த வழக்கை 2024இல் சர்வதேச நடுவர் மன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இனி அரசு, அந்தத் தொழிலாளர்களுக்கு என்ன வேலை தரப்போகிறது என்று சொல்ல வேண்டும்.

மருதாணி:
பழைய வீடுகளைத் தன்னார்வலர்கள் பழுதுபார்க்கிறார்கள், சுற்றுலா வரும்.

கதிரவன்:
கோடையில் வரும். பனிக்காலத்தில்?