ஹாம் வானொலியின் மாலை நெட்டில் எனக்கு ஒரு விதி, மூத்தவருக்கு ஒரு விதி: உங்கள் அனுபவம் என்ன?

திருச்சி, வியூ3:
வியூ3 என்ற தொடக்கநிலை ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. எங்கள் ரிப்பீட்டரின் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மாலை நெட்டில், அதாவது குறித்த நேரத்தில் ஹாம்கள் அலையில் கூடிப் பேசும் நிகழ்ச்சியில், செக்-இன் செய்து, என்னிடம் கூடுதலாக உள்ள கைவானொலி பேட்டரியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பிடிடி என்ற பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்ததுமே, "ஓஎம், அமெச்சூர் அலையில் வணிகம் பேசக் கூடாது" என்று நெட்டை நடத்தும் கன்ட்ரோலர் கண்டித்தார் (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் விளிக்கும் சொல்). விதி அதுதான் என்பதால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எனக்கு அடுத்து மூன்றாவதாக வந்த மூத்த வியூ2 (பொதுநிலை உரிமம்) ஒருவர் தம் எச்எஃப் (குறு அலை) செட்டை விலையோடு விவரித்தபோது, அதே குரல் "மைக்கும் சேர்த்துத்தானே, ஓஎம்?" என்று கனிவாகக் கேட்டது. அந்தக் கேள்விதான் இன்னும் காதில் நிற்கிறது.

கோவை, வியூ3:
எனக்கு நேர்ந்தது இணைய முகவரியால். நாற்பது மீட்டர் பேண்டுக்கு, வீட்டு வயரிங் கம்பியைப் பக்கத்துக்குப் பத்து மீட்டராக வெட்டி டைபோல் ஆண்டெனா கட்டிய காணொளியின் முகவரியை நெட்டில் வாசித்தேன். விளம்பரம் என்று நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு நெட் தொடங்கியதே ஒரு மூத்தவரின் சேனல் அறிவிப்போடுதான். அவர் காட்டியதும் அதே பத்து மீட்டர் கம்பிதான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்னை, வியூ2:
திருச்சி நண்பர் கன்ட்ரோலரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நானும் இரண்டு ஆண்டுகள் நெட் நடத்தியவன். ஒரு புதியவரைக் கடிந்துகொண்டு, பிறகு வருந்தியதும் உண்டு. இருந்தாலும், நம் 1978ஆம் ஆண்டு விதிகள் தொழில்நுட்பப் பேச்சையும் சொந்த நலம் விசாரிப்பையுமே ஏற்கின்றன, வணிகச் செய்தியை ஏற்பதில்லை. அமெரிக்காவில், ஹாம்கள் தம் கருவிகளை விற்பதை எப்போதாவது அலையில் அறிவிக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் இங்கும் அப்படியே என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே விற்பனையை நெட் முடிந்தபின் தொலைபேசியில் பேசுங்கள், முகவரியை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பிடிடியை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள், ஆண்டெனா இணைப்பில் மழைநீர் புகாமல் டேப் சுற்றுங்கள்.

திருச்சி, வியூ3:
ஐயா, டேப் பற்றி நான் கேட்கவில்லை. விதி தவறென்றும் சொல்லவில்லை. மைக் பற்றி விசாரித்தவருக்கு அந்த 1978 ஏன் அப்போது நினைவுக்கு வரவில்லை என்பதே என் கேள்வி.

மதுரை, வியூ2:
சென்னை நண்பர் விதியை விளக்கினார். அது யாருக்கு எப்போது பொருந்தும் என்பதை விளக்கவில்லை. பதினைந்து வயதான என் மகள், பேசி முடிக்கையில் ஒருமுறை கால்சைன் (உரிமத்தில் தந்த அழைப்புக்குறி) சொல்ல மறந்ததை அத்தனை பேர் கேட்கச் சுட்டிக்காட்டினார்கள். அன்றே இருபது நிமிடம் பேசிய பெரியவர் ஒருவர் கால்சைனை ஒருமுறையும் சொல்லவில்லை. குரலே தெரியுமே என்று விட்டுவிட்டார்கள். அவள் தன் கால்சைனைச் சிறு காகிதத்தில் எழுதி செட்டின் நெற்றியில் ஒட்டியிருக்கிறாள். இப்போதெல்லாம் அதை வாசிக்கிறாள், விடைபெறும் வாழ்த்தாக "73" என்கிறாள், செட்டை அணைத்துவிடுகிறாள்.