நுளம்பு (கொசு) வலை கட்டினா பொடிப்பூச்சி வராதா? யார் சொன்னது?

மஸ்கெலியா செல்வம்:
மாட்டுப்பட்டிய ஒட்டின லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) நுளம்பு வலை ஒண்ணே போதும், கடிக்கிற பொடிப்பூச்சி உள்ள வராதுன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்தப் பூச்சி 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். சாதாரண வலைக் கண்ணுல பூந்து வந்துரும். என் மக வலைக்குள்ளதான் படுக்குறா. கணுக்கால சுத்தி செவந்த தடிப்பு, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகிருச்சு.

ஹட்டன் குமார்:
எழுதினது நான்தான். பேர் சொல்லியே கேக்கலாம். எங்க வீட்டுல வலைதான், ஒண்ணும் வரல. மெத்தைக்கு அடியில ஒழுங்கா சொருகினீங்களா?

செல்வம்:
சொருகத் தெரியாமலா இருக்கேன்? வலைக் கண்ணப் பத்திப் பேசுங்க.

நானுஓயா ரவி:
மாமியார் வீடு புத்தளம் களப்புப் பக்கம். கண்டல் மரம் நிக்கிற உப்புச் சேறு. சாயங்காலம் காத்து நின்னா பொடிப்பூச்சி மொய்ச்சிரும். புகை அடிச்சா பறக்கிறது சாகும், சேத்துக்குள்ள இருக்கிற புழு சாகாது, திரும்பவும் கிளம்பும். ஃபேன் போட்டா கிட்ட வராது, அதுக்குப் பறக்கத் தெம்பு கிடையாது.

குமார்:
புத்தளம் கதை இங்க எதுக்கு? உப்புச் சேத்துப் பூச்சி வேற, சாணிப் பூச்சி வேற. வலை தடுக்கும்.

செல்வம்:
இனம் வேறயா இருக்கட்டும், ரெண்டும் பொடிசுதானே? நெருக்கமான கண்ணு வலை வேணும். அதக் கட்டினா காம்பராவுல (லயத்து அறையில) புழுங்கும். முட்டை போடுறது ஈரச் சேத்துலயும் சாணியிலயும். பட்டிக்குப் பின்னால கோமியம் தேங்குறத வெட்டி வடிய விடுங்க, சாணிய தள்ளிக் குமிச்சு மூடுங்க.

லிந்துலை தேவி:
எல்லாத்துக்கும் மாடு வச்சிருக்கவங்க தலையிலதானா? பால் காசுலதான் எங்க புள்ளைங்க படிக்குதுங்க. பீலித் தண்ணி (குழாய்த் தண்ணி) லயத்து வாசல்ல தேங்கி நிக்குது, அத ஏன் யாரும் பேசல?

செல்வம்:
தேவியக்கா, மாட்ட விக்கச் சொன்னேனா? ஆட்டுக்கு நீலநாக்கு நோயப் பரப்புறதும் இந்தப் பூச்சி வகைதான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

குமார்:
முன்ன இங்க அட்டைக் கடிக்கு உப்பா சோப்பான்னு பேசினப்பவும் இவர் இப்படித்தான், அடுத்தவன் வாயத் திறக்கவே விடல.

செல்வம்:
அட்டைய இழுக்காதீங்க. உங்க வலைக் கண்ண ஸ்கேல் வச்சு அளந்து போட்டோ போடுங்க.

குமார்:
நான் எதுக்கு அளக்கணும்? கடி வாங்குறது நீங்க.